ராஜா தலை போய் நடராஜர் வந்தார்

தபால் தலை என்று சொல்கிறோம். ஸ்டாம்பு என்றும் சொல்கிறோம். தலை என்ற பெயருக்கு ஏற்றபடி, ஒரு காலத்தில் அதில் ஒரு தலைதான் இருந்தது. அது ராஜாவின் தலை. இல்லாவிட்டால் ராணியின் தலை.

1854-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலைகள் வந்தன. அதற்கு முன் கடிதம் போகும் தூரத்தைக் கணக்கிட்டுக் கூலி வாங்கினார்கள். பக்கத்து ஊருக்கு ஒரு கூலி, தூரத்து ஊருக்கு வேறு கூலி. 1854-க்குப் பிறகு தூரம் எதுவானாலும் ஒரே கூலி. கால் தோலா எடையுள்ள கடிதத்திற்கு அரையணா. அந்த அரையணாத் தலை நீல நிறம். அதில் விக்டோரியா ராணியின் முகம் இருந்தது.

அவருக்குப் பிறகு ஏழாம் எட்வர்டு வந்தார். ஐந்தாம் ஜார்ஜ் வந்தார். ஆறாம் ஜார்ஜ் வந்தார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த நான்கு முகங்களே இந்தியத் தபால் தலைகளில் மாறி மாறி இருந்தன. சில தலைகளில் வேறு படங்களும் இருந்தது உண்மைதான். 1935-இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவுக்கு வந்த தலைகளில் ராமேசுவரம் கோயில் இருந்தது. தாஜ்மகாலும் இருந்தது. 1937-இல் வந்த ஒரு தலையில் தபால் பையைச் சுமந்து ஓடும் ஓட்டக்காரர் இருந்தார். மாட்டு வண்டி, ஒட்டகம், ரயில் வண்டி எல்லாம் இருந்தன. ஆனால் படத்தின் ஓரத்தில் ராஜாவின் தலை மறக்காமல் இருந்தது. கோயில் யாருடையதாக இருந்தாலும் நாடு தன்னுடையது என்று அந்தச் சின்னத் தலை சொல்லிக்கொண்டே இருந்தது.

தங்கவயலுக்கு வந்த கடிதங்கள்

கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை ஒரு முக்கியமான ஊர். மைசூரில் இருந்த ஆங்கிலேய ரெசிடெண்ட் ராபர்ட்சனின் பெயரால் ஏற்பட்ட ஊர் அது. அங்கே ஊர்ப் பெயரிலேயே ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். கடிதத்தின் மேல் வெள்ளைக்கார ராஜா இருந்தார்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள். கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் தங்கினார்கள். அப்பா இங்கே, தாத்தா பாட்டி ஊரில். அண்ணன் இங்கே, தங்கை கட்டிக்கொடுத்த இடத்தில். இவர்களுக்கு நடுவில் போய் வந்தது கடிதம்தான்.

தங்கவயல் மைசூர் மகாராஜாவின் நாட்டில் இருந்தது. மைசூருக்குச் சொந்தமாக ஒரு தபால் ஏற்பாடும் இருந்தது. அதற்கு 'அஞ்சே' என்று பெயர். நம் 'அஞ்சல்' என்ற சொல்லுக்கு அது உறவுச் சொல். 1889-இல் அந்த அஞ்சேயை ஆங்கிலேயர் நடத்திய தபால் இலாகாவோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் மகாராஜாவின் ஊரில் இருந்து போன கடிதத்திலும் லண்டன் ராஜாவின் தலைதான் ஒட்டப்பட்டது.

1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை அடைந்தது. தபால் ஆபீசில் மட்டும் ராஜா அப்படியே இருந்தார். புதுத் தலைகளை ஒரே இரவில் அச்சடிக்க முடியாது அல்லவா? பழைய ஆறாம் ஜார்ஜ் தலைகளே விற்பனை ஆயின. ஆனால் தபால் இலாகா ஒரு காரியம் செய்தது. தலைமேல் குத்தும் முத்திரையில் 'ஜெய் ஹிந்த்' என்று சேர்த்தது. ராஜாவின் முகத்தின்மேல் ஜெய் ஹிந்த் என்று கறுப்பு மையில் அடி விழுந்தது. பழைய கவர் சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தபால் தலை 1947 நவம்பர் 21 அன்று வந்தது. விலை மூன்றரை அணா. அதில் மூவர்ணக் கொடி பறந்தது. அடுத்த மாதம் 15-ஆம் தேதி இரண்டு தலைகள் வந்தன. ஒன்றரை அணாத் தலையில் அசோகரின் சிங்கத் தூண். பன்னிரண்டு அணாத் தலையில் ஆகாய விமானம்.

1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் அவர் படம் போட்ட நான்கு தலைகள் வெளியாயின. 'பாபு' என்று இந்தியிலும் உருதுவிலும் அதில் எழுதியிருந்தது. கதரைப் பற்றியே பேசிய அந்தப் பெரியவரின் தபால் தலைகள் சுவிட்சர்லாந்து நாட்டில் அச்சாயின என்பது கொஞ்சம் வேடிக்கைதான். அதில் பத்து ரூபாய்த் தலையும் உண்டு. அன்றைக்குப் பத்து ரூபாய் என்பது பெரிய தொகை. ஏழையின் தலைவர் ஏழை வாங்க முடியாத தலையில் இருந்தார். ஒன்றரை அணாத் தலை மட்டும் எல்லார் கைக்கும் எட்டியது.

யார் முகத்தைப் போடுவது?

இவையெல்லாம் ஒரு நிகழ்ச்சியை ஒட்டி வந்த தலைகள். தினமும், எல்லா விலையிலும், எல்லாத் தபால் ஆபீசிலும் விற்கும் தலைகள் வேறு. அவற்றை வரிசைத் தலைகள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் இன்னும் ஆறாம் ஜார்ஜ்தான் இருந்தார். அவர் போனால் அந்த இடத்தில் யாரை வைப்பது?

இது சின்னக் கேள்வி இல்லை. புத்தகம் படிக்காதவரும் தபால் தலையைப் பார்ப்பார். படம் மாட்டாத வீட்டுக்குள்ளும் தபால் தலை போகும்.

அமெரிக்கா இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னது. அங்கே ராஜா கிடையாது. தலைவர்களின் தலைகளைப் போட்டார்கள். 1847-இல் வந்த முதல் தலைகளில் பிராங்க்ளினும் வாஷிங்டனும் இருந்தார்கள். 1869-இல் ஒரு மாறுதல் செய்து பார்த்தார்கள். குதிரையில் தபால் கொண்டு போகிறவர், ரயில் எஞ்சின், நீராவிக் கப்பல் என்று படங்கள் போட்டார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே பழையபடி தலைவர்களின் முகங்கள் வந்துவிட்டன.

1938-இல் அமெரிக்கா வெளியிட்ட வரிசை மிகவும் புகழ் பெற்றது. அதில் மறைந்த ஜனாதிபதிகள் முறைப்படி வந்தார்கள். ஒரு சென்ட் தலையில் முதல் ஜனாதிபதி வாஷிங்டன். பதினாறு சென்ட் தலையில் பதினாறாம் ஜனாதிபதி லிங்கன். இப்படி இருபத்திரண்டு சென்ட் வரை விலையும் வரிசை எண்ணும் ஒன்றாகவே இருந்தன. தலையின் விலையைப் பார்த்தால் அவர் எத்தனையாவது ஜனாதிபதி என்று சொல்லிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு சரித்திரப் பாடம். இதற்கான போட்டியில் வென்ற மாதிரிப் படத்தை வரைந்தவர் எலைன் ராலின்சன் என்ற பெண்.

இந்தியாவும் அப்படிச் செய்திருக்கலாம். நேரு அப்போது பிரதமர். பட்டேல் துணைப் பிரதமர். அவர்கள் முகங்களைப் போட்டிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் இந்தியா எந்த மனிதரின் தலையையும் போடவில்லை. பழைய சிற்பங்களையும் கட்டடங்களையும் தேர்ந்தெடுத்தது. அது நல்ல முடிவு. ஒரு ராஜாவை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றாமல் விட்டது அந்த முடிவு.

1949 ஆகஸ்ட் 15 அன்று அந்த வரிசை வந்தது. மொத்தம் 16 தலைகள். சட்டப்படி பார்த்தால் அன்றைக்கும் ஆறாம் ஜார்ஜே இந்தியாவுக்கு அரசர். 1950 ஜனவரி 26 அன்றுதான் இந்தியா குடியரசு ஆயிற்று. சட்டம் ராஜாவை நீக்குவதற்கு ஐந்து மாதம் முன்பே தபால் தலை அவரை நீக்கிவிட்டது.

பதினாறு படங்கள்

முதலில் அந்தக் காலக் காசுக் கணக்கைத் தெரிந்துகொள்வோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 பை. மூன்று பை என்றால் காலணா. ஆறு பை என்றால் அரையணா. ஒன்பது பை என்றால் முக்காலணா.

மிகவும் மலிவான தலை மூன்று பை. அதில் அஜந்தா குகையின் யானை. ஆறு பைத் தலையில் கோனாரக் கோயிலின் கல் குதிரை. ஒன்பது பைத் தலை பச்சை நிறம். பம்பாய்க்குப் பக்கத்தில் ஒரு தீவில் உள்ள எலிபெண்டா குகையின் திரிமூர்த்தி சிலை அதில் இருந்தது. அப்போது ஒரு கார்டின் விலை ஒன்பது பை. ஒரு அணாவில் போதிசத்துவர். இரண்டணாவில் நடராஜர்.

மூன்று அணாவில் சாஞ்சி ஸ்தூபத்தின் கிழக்கு வாசல். மூன்றரை அணாவில் புத்த கயைக் கோயில். நான்கு அணாவில் புவனேசுவரம் கோயில். ஆறு அணாவில் பிஜாப்பூர் கோல் கும்பஸ். இந்தப் பெரிய கல்லறைக் கட்டடம் இன்றைய கர்நாடகத்தில் இருக்கிறது. அந்த ஊருக்கு இப்போது விஜயபுரா என்று பெயர். எட்டணாவில் கஜுராஹோ கோயில். பன்னிரண்டு அணாவில் அமிருதசரஸ் பொற்கோயில்.

ரூபாய்த் தலைகள் ஐந்து. ஒரு ரூபாயில் சித்தோர்கட் வெற்றிக் கோபுரம். இரண்டு ரூபாயில் டில்லி செங்கோட்டை. ஐந்து ரூபாயில் தாஜ்மகால். பத்து ரூபாயில் குதுப்மினார். பதினைந்து ரூபாயில் குஜராத்தின் பாலித்தானா ஊரில் உள்ள சமணக் கோயில்.

இந்து, முஸ்லிம், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகிய எல்லார் கட்டடங்களும் இதில் இருந்தன. நாடு இரண்டாகப் பிரிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. மதத்தின் பெயரால் லட்சக்கணக்கான மக்கள் வீடு இழந்திருந்தார்கள். அந்த நேரத்தில் கோயிலும் குதுப்மினாரும் பொற்கோயிலும் ஒரே வரிசையில் ஒரே ஜன்னலில் விற்றன. அதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. குறையும் உண்டு. கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றும் இல்லை. மைசூர் நாட்டின் பேலூர், ஹளேபீடு கோயில்கள் இல்லை. தமிழ்நாட்டுக் கோபுரம் ஒன்றும் இல்லை.

ஆனால் தமிழ் நாட்டுச் சிற்பிகள் வளர்த்த கலை ஒன்று இருந்தது. அது நடராஜர். சோழர் காலத்து வெண்கல வார்ப்புக் கலையின் பெரிய அடையாளம் அந்த ஆடும் உருவம். அது இரண்டணாத் தலையில் வந்தது. அப்போது உள்நாட்டுக் கடிதத்திற்கு ஒட்ட வேண்டியது இரண்டணா. தாஜ்மகால் தலையை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். நடராஜரை வாங்காத ஊர் இல்லை. பஞ்சாபில் இருந்து வங்காளத்துக்குப் போன கடிதத்திலும் சிவப்பு நிறத்தில் நடராஜர் ஆடிக்கொண்டு போனார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த வரிசை வசதியாக இருந்தது. முன்பு எல்லா விலையிலும் ஒரே ராஜா முகம். நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். இப்போது விலைக்கு ஒரு படம். லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் தபால் ஆபீசுக்கு வருகிறாள் என்று நினைத்துப் பாருங்கள். அவளுக்கு எண் தெரியாது. எழுத்து தெரியாது. படம் தெரியும்.

"அய்யா, ரெண்டு குதிரை குடுங்க. ஒரு நடராஜர் குடுங்க."

"குதிரை ரெண்டு ஒரணா. நடராஜர் ரெண்டணா. மூணணா எடும்மா."

"ரெண்டும் ஒரே கவர்ல ஒட்டினா போகுங்களா?"

"எதுக்கும்மா ரெண்டும்? ஊருக்குக் கடுதாசின்னா நடராஜர் ஒண்ணே போதும். குதிரையைப் பத்திரமா வச்சுக்கோ."

கணக்குத் தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. நீங்களும் போட்டுப் பாருங்கள். இரண்டணாவுக்கு 24 பை. நடராஜர் தலை தீர்ந்துவிட்டால் எத்தனை யானைத் தலை ஒட்ட வேண்டும்? எட்டு யானை. பதினைந்து ரூபாய்த் தலை ஒன்றின் விலைக்கு எத்தனை நடராஜர் வாங்கலாம்? ஒரு ரூபாய்க்கு எட்டு. பதினைந்து ரூபாய்க்கு 120. ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் கனமான பார்சலில் ஒட்டும் ஒரே தலையின் விலையில் ஒரு குடும்பம் மாதம் ஒரு கடிதமாகப் பத்து வருடம் ஊருக்கு எழுதலாம்.

இடக்கையா, வலக்கையா?

இந்த வரிசையில் ஒரு தவறு நடந்தது. ஒரு அணாத் தலையில் போதிசத்துவர் சிலை. போதிசத்துவர் என்றால் புத்தர் ஆவதற்கு முன் நிலையில் இருப்பவர். உண்மையான சிலையில் நீட்டியிருப்பது வலக்கை. தபால் தலையில் இடக்கை நீட்டியிருந்தது. படம் கண்ணாடியில் தெரிவது போல மாறி விழுந்திருந்தது.

இப்படி மாறுவது அச்சு வேலையில் எளிது. ரப்பர் ஸ்டாம்பைப் பாருங்கள். அதில் எழுத்து திரும்பி இருக்கும். தாளில் குத்தினால்தான் நேராக விழும். தபால் தலையின் அச்சுக் கட்டையும் அப்படித்தான். படத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். நடுவில் எங்காவது ஒரு தடவை கூடத் திருப்பினாலோ திருப்ப மறந்தாலோ இடம் வலம் மாறிவிடும். எழுத்து மாறினால் உடனே கண்ணில் படும். கை மாறினால் எல்லார் கண்ணிலும் படாது.

ஆனால் இந்தியாவில் இடக்கை, வலக்கை என்பது சின்ன விஷயமா? கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். ஆசீர்வாதம் வலக்கையால். 1950-இல் படத்தைச் சரி செய்து மறுபடி அச்சடித்தார்கள். இப்போது இரண்டு விதமான ஒரு அணாத் தலைகளும் கிடைக்கின்றன. இடக்கை நீட்டியது 1949. வலக்கை நீட்டியது 1950.

தபால் தலையில் தவறு நேர்வது புதிது அல்ல. 1854-இல் வந்த நாலணாத் தலை இரண்டு நிறம். சட்டம் சிவப்பு, தலை நீலம். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சடிக்க வேண்டும். சில தாள்களைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். விக்டோரியா ராணி தலைகீழாக நின்றார். இந்தியத் தலைகளில் மிக அரிதானவற்றில் அதுவும் ஒன்று. அமெரிக்காவின் 1869 வரிசையிலும் இதே போல நடுப்படம் தலைகீழாக விழுந்த தலைகள் உண்டு.

1949 வரிசை நாசிக் நகரில் அச்சானது. முன்பு இந்தியத் தலைகள் பல ஆண்டுகள் லண்டனில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1920-களின் நடுவில் நாசிக்கில் அரசாங்க அச்சகம் தொடங்கிய பிறகு அந்த வேலை இங்கேயே நடந்தது. ஒரு தலையைத் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் நட்சத்திரக் குறிகள் தெரியும். அதற்கு நீர்க்குறி என்று பெயர். கள்ளத் தலை அடிப்பதைத் தடுக்க அந்த ஏற்பாடு.

கோயிலுக்குப் பிறகு தொழிற்சாலை

நடராஜர் ஏறக்குறைய ஐந்தரை ஆண்டு ஆடினார். 1955 ஜனவரி 26 அன்று அடுத்த வரிசை வந்தது. ஐந்தாண்டுத் திட்டம் நடந்த காலம் அது. தலைகளில் டிராக்டர் வந்தது. தறி வந்தது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கிணறு வந்தது. தாமோதர் அணை, சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலை, பெங்களூர் விமானத் தொழிற்சாலை, சிந்திரி உரத் தொழிற்சாலை எல்லாம் வந்தன. நூல் நூற்கும் பெண் வந்தாள். கன்னியாகுமரியும் வந்தது.

தங்கச் சுரங்கம் மட்டும் வரவில்லை. பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை செய்த மனிதர்கள் தங்கவயலில் இருந்தார்கள். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று சாம்பியன் ரீப். ஆனால் 1955 வரிசை வந்தபோது அது இன்னும் வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. 1956-இல்தான் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது.

1957 ஏப்ரல் முதல் நாள் அணாவும் பையும் போயின. ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று கணக்கு மாறியது. ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் காலில்தான் எத்தனையோ சண்டைகள் வந்தன. அப்போது வந்த தலைகளில் இந்திய வரைபடம் இருந்தது. 1965-இல் தொடங்கிய அடுத்த வரிசையில் தேயிலை பறிக்கும் பெண், மாம்பழம், மின்சார ரயில் எஞ்சின் எல்லாம் உண்டு. அதில் ஒரு ரூபாய்த் தலை தனி அழகு. பல நூறு ஆண்டு முன் செதுக்கிய ஒரு கல் சிலை அது. ஒரு பெண் நின்றபடி கடிதம் எழுதுகிறாள்.

காந்தியும் நேருவும் அன்றாட வரிசைத் தலைகளில் வந்தது 1976-இல்தான். இருவரும் மறைந்து வெகு காலம் ஆன பிறகு.

பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால்

தங்கவயலில் பல வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். கல்யாணப் பத்திரிகை, சம்பளச் சீட்டு இவற்றோடு பழைய கடிதங்களும் இருக்கும். அவற்றில் யானையோ, குதிரையோ, நடராஜரோ ஒட்டியிருந்தால் 1949-க்குப் பிந்திய கடிதம் என்று தெரிந்துகொள்ளலாம். அணாத் தலை என்பதால் ஏறக்குறைய 1957-க்குள் எழுதியது என்றும் சொல்லலாம். சரியான தேதி வேண்டுமானால் முத்திரையைப் பார்க்க வேண்டும். வட்டத்தின் ஓரத்தில் ஊர்ப் பெயர், நடுவில் தேதி.

நடராஜரின் இரண்டணாத் தலை கோடிக்கணக்கில் விற்றது. அதனால் அதற்குப் பெரிய விலை கிடைக்காது. யாராவது பெரிய விலை சொன்னாலும் இலவசமாகக் கேட்டாலும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. தலையை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டுக் கவரைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். சிலர் வெந்நீரில் போட்டு உரிக்கிறார்கள். தலை மட்டும் இருந்தால் அது எந்த ஊரிலும் ஒட்டிய தலைதான். முழுக் கவராக இருந்தால் அதில் முத்திரை இருக்கும். ராபர்ட்சன்பேட்டை, உரிகம், சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் என்று ஊர்ப் பெயர் இருக்கும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. லைன்களில் இருந்த பலர் வேலை தேடி வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். யார் எந்த லைனில், எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதற்குச் சில குடும்பங்களில் அந்தக் கவரின் மேல் எழுதிய விலாசம் ஒன்றே சாட்சி. கவரை மடிக்காமல், ஈரம் படாமல், ஒரு நோட்டுக்குள் வைத்தால் போதும்.